இமை முளைச்ச நீர்ப்பல்லி

"பொறாமையா? எனக்கா? அதுவும் ஒம் மேலயா? ஏல பெர்னார்டு, ரயில்ல சன்னலோரம் ஒக்காந்தா காத்து வாங்கு. கண்டதையும் பேசாத."

செண்பகவல்லி ஃபோன காதோட அமுக்கிக்கிட்டு வராண்டாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டிருந்தா. மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவ டிபன் பாக்ஸ் படியில தொறக்காமக் கெடந்துச்சு.

"ஆமா, கட்டுரையில என் பேர நான்தான் கோடு போட்டு அடிச்சேன். ரெண்டாவது பேரா போட்டியே, அதுக்கு ஒனக்கு நான் தேங்கா ஒடைக்கணுமா? இல்ல, நீ மொதல்ல கேளு. நீ அங்க மலையில சுத்திக்கிட்டிருந்தப்ப இங்க மண்புழு நறுக்கிப் போட்டது யாரு? ஃபில்டர் கழுவுனது யாரு? கரண்டு போன அன்னிக்கு ஐஸ்கட்டிய வாங்கிக்கிட்டு ஓடியாந்தது யாரு? ... என்னது, கடைசிப் பக்கத்துல நன்றி போடுவியா? போடு. ஜீப் டிரைவர் பேருக்குக் கீழ எடம் இருந்தா போடு."

அந்தப் பக்கம் அவன் என்னமோ சொன்னான். இவ நின்னா.

"அந்தப் பேரு வெச்சதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. யாரு பேர வேணும்னாலும் வெச்சுக்கோ. மேடம் பேர வெச்சா ஒருத்தனும் எதுத்துப் பேசமாட்டான்னு ஒனக்குத் தெரியும், வெச்ச. ... நான் கத்தல. என் கொரலே இதான். நாளைக்கு ஹாலுக்கு வா. நீ பேசி முடி. எல்லாரும் கைதட்டி முடிக்கட்டும். அப்பறம் நான் எந்திரிப்பேன். அப்ப பதில் சொல்லு பாப்போம்."

லைன் போயிருச்சு. ரயில் எங்கயாவது மலைச்சந்துல நொழஞ்சிருக்கும். ஆனா இவ, வேணும்னே கட் பண்ணிட்டான்னு முடிவு கட்டிட்டா. அப்படி நெனச்சாத்தான் கோவம் தீராம இருக்கும்.

மலை மேல இருக்கற சின்ன ஆராய்ச்சிக் கூடம் அது. தலைமையில லோகநாயகி மேடம். அவங்க கிட்ட முனைவர் பட்டத்துக்குப் படிக்கறவங்க ரெண்டே பேரு. செண்பகவல்லி ஒருத்தி, பெர்னார்டு ஒருத்தன். மூணு பேரும் கட்டிக்கிட்டு அழற பிராணி ஒண்ணே ஒண்ணு, நீர்ப்பல்லி.

பல்லின்னு சொல்றது பேச்சுக்குத்தான். பல்லிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. தவளைக்குத்தான் சொந்தம், வாலோட பொறந்த சொந்தம். பகலெல்லாம் கல்லுக்கடியில கெடக்கும். இருட்டுனாத்தான் வெளிய வரும். நம்ம ஊரு மலையில கெடையாது. வடகிழக்குல, பனி உருகி ஓடற ஓடைகள்ல இருக்கு. அங்கருந்து புடிச்சு, இந்தக் குளுருக்குக் கொண்டாந்து வளக்கறாங்க.

அதுல கரியன்னு இவங்க செல்லமா சொல்ற ஒரு வகை உண்டு. கரையில, ஈர இலைக்கடியில வாழும். செவுள் கெடையாது. வெள்ளக்காரன் காலத்துலயே பேரு வெச்சாச்சு. இன்னொண்ணு நாக்டர்னா, லத்தீன்ல ராத்திரிக்காரின்னு அர்த்தம். சாகற வரைக்கும் தண்ணிக்குள்ளயே இருக்கும். கழுத்துல ரெண்டு பக்கமும் மயிலிறகு சொருகுன மாதிரி செவுள் ஆடும். அது தனி இனம்னு உலகத்துக்குச் சொன்னது லோகநாயகி மேடம். எளவயசுல சொன்னாங்க. இன்னிக்கும் எம்.எஸ்ஸி. பாடத்துல அது ஒரு கேள்வி.

இப்ப பெர்னார்டு, அந்த வடகிழக்கு மலை உச்சியில ஒரு ஏரியில மூணாவதா ஒண்ணப் புடிச்சிருந்தான். இதுக்கும் செவுள் உண்டு. ஆனா நிறம் வெளுப்பு, வாலு அகலம். புது இனம்னு கட்டுரை எழுதிட்டான். பேரு, லோகநாயகியே. பொம்பள பேர லத்தீன்ல வெச்சா கடைசியில அந்த 'ஏ' வந்து ஒட்டிக்கும்.

"பேரா அது? பஜனப் பாட்டு மொத அடி மாதிரி இருக்கு"ன்னு செண்பகவல்லி அன்னிக்கே சொன்னா. கூடத்துல வேல பாக்கற ரெண்டு பேரு சிரிச்சாங்க. அவ சிரிக்கல.

அந்தப் பேர அவ வெக்கறதா இருந்தா. வந்த மொத வருஷமே நெனச்சு வெச்சிருந்தா. யார்கிட்டயும் சொல்லல. எனக்குன்னு ஒண்ணு கெடைக்கட்டும், சந்தேகத்துக்கு எடமில்லாம ஒண்ணு கெடைக்கட்டும், அப்ப வெப்போம்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தா. அவன் வந்தான், மலை ஏறுனான், எறங்குனான், வெச்சுட்டான்.

அதுமட்டுமா. மேடம் கழுத்துல எப்பவும் கறுப்புக் கயித்துல ஒரு சின்ன லென்ஸு தொங்கும். அவங்க படிச்ச காலத்து லென்ஸு. பெர்னார்டு பொறப்படற அன்னிக்கு அதக் கழட்டி அவன் கையில குடுத்தாங்க. "தொலச்சுடாத"ன்னாங்க, அவ்வளவுதான். செண்பகவல்லி அப்ப மண்புழு டப்பாவோட பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. அன்னிக்கு நறுக்குன புழுவெல்லாம் தூள் தூளா இருந்துச்சு. பிராணிக கொஞ்சம் சந்தோசமாத்தான் தின்னுச்சுக.

நாளைக்கு ஹால்ல நாலு காலேஜுலருந்து ஆளுக வர்றாங்க. பெர்னார்டு பேசுவான். யாரும் மறுத்துப் பேசலன்னா கட்டுரை அச்சுக்குப் போயிரும். அச்சுல ஏறுன பேர எறக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

ஆனா எறக்கறதுக்கு ஒரு வழி உண்டு. இந்தத் தொழில்ல ஒரு சட்டம். ஒரே பிராணிக்கு ரெண்டு பேரு வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா, மொதல்ல வெச்ச பேருதான் நிக்கும். பின்னால வெச்சது செத்துரும்.

செண்பகவல்லி டிபன் பாக்ஸ எடுத்தா. தொறக்கல. கருப்புத் திரைய வெலக்கி இருட்டறைக்குள்ள போனா.

அந்த அறையில பகலும் ராத்திரியும் தல கீழ. ராத்திரி முழுக்க வெள்ள லைட்டு எரியும், பகல்ல அணைஞ்சிரும். பிராணிகளுக்கு அதான் ராத்திரி. அதுக அப்பதான் வெளிய வரும், மனுசங்களும் தூக்கம் கெடாமப் பாத்துக்கலாம். மூலையில ஒரு செவப்பு பல்பு மட்டும் எரியும். அந்தச் செவப்பு அதுக கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது. உள்ள வந்து ஃபோன் டார்ச்ச அடிச்சவன் அன்னிக்கு எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தரணும்னு ஒரு வழக்கம். பெர்னார்டு ஒரு தடவ கூட வாங்குனதில்ல. அதுவும் அவளுக்கு எரிச்சல்தான்.

சுவரோரமா தொட்டிக. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு சில்லர், தண்ணிய ஓடை மாதிரி சில்லுனு வெச்சிருக்கற மெசினு. எல்லாம் தேனீ மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டிருக்கும்.

நாலாம் தொட்டிக்குக் கீழ மட்டும் சத்தம் இல்ல.

அது பெர்னார்டு அனுப்புன பிராணி. அவன் மலையில இருந்ததால பாத்துக்கற பொறுப்பு இவளது. மேடம் பேர அதுக்கு வெக்கப்போறான்னு தெரிஞ்ச அன்னிக்கு, ஃபில்டர் கழுவ உள்ள வந்தவ, நாலாம் தொட்டி முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. அப்பறம் குனிஞ்சு சில்லர அணைச்சா. தண்ணிய பாதியா எறச்சா. நடுவுல ஒரு கல்லப் போட்டு, கரை மாதிரி ஆக்குனா.

நீ பெரிய ஆளா, எறங்கி வா பாப்போம்னு பிராணியப் பாத்துச் சொன்னா. அவ சொன்னது பிராணிகிட்டயான்னு அவளுக்கே தெரியாது.

எறங்கி வரல. ஏறி வந்துச்சு. செவுளு நாளுக்கு நாள் சுருங்குச்சு. வாலுல இருந்த துடுப்பு கரைஞ்சுச்சு. தோலு தடிச்சு, வெளுப்பு போயி கருத்துச்சு. ஒருநா கல்லு மேல ஏறி ஒக்காந்துச்சு. கரியன்.

இப்ப செவப்பு வெளிச்சத்துல அது கல்லு மேலதான் ஒக்காந்திருந்துச்சு. செண்பகவல்லி மொகத்தக் கிட்ட கொண்டுபோனா. அது அவளப் பாத்துக் கண்ணச் சிமிட்டுச்சு.

தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் அதுகளுக்கு இமை கெடையாது. கண்ணு எப்பவும் தொறந்தே கெடக்கும். கரைக்கு வந்தாத்தான் இமை முளைக்கும்.

"நாளைக்கு ஒன்னத் தூக்கி மேசையில வெக்கறேன். அவன் மூஞ்சியப் பாத்து இதே மாதிரி சிமிட்டு"ன்னு அதுகிட்ட சொன்னா. வயித்துக்குள்ள வெல்லம் கரைஞ்ச மாதிரி ஒரு இனிப்பு. பின்னாடியே கசப்பு. பட்டினி கெடந்தா அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டா.

ஆனா போற வழியில மேடம் ரூமுக் கதவு தொறந்திருந்துச்சு. அவளால தாண்டிப் போக முடியல.

மேடம் மேசையில பெரிய லென்ஸ வெச்சு எதையோ பாத்துக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல ஃபிளாஸ்குல சுக்குக்காப்பி. அவங்க அதிகம் பேசற ஆளு இல்ல. கேள்வி கேட்டா வேலதான் குடுப்பாங்க. வந்த புதுசுல இவ, "மேடம், ஒரு இனம்னா என்ன? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?"ன்னு கேட்டிருக்கா. ஒரு வாளி நெறைய தலப்பிரட்டையக் குடுத்து, வகை வகையா பிரின்னாங்க. இவ பிரிச்சு முடிக்கறதுக்குள்ள பாதிக்குக் காலு முளைச்சிருச்சு. மேடம் எட்டிப் பாத்துட்டு, "மறுபடி பிரி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

"மேடம், ஒரு கேள்வி."

"சாப்ட்டியா?"

"இல்ல."

"சாப்ட்டு வந்து கேளு."

"பசிக்கல மேடம். உங்க பேர வெக்க நீங்க எப்படி ஒத்துக்கிட்டீங்க?"

மேடம் லென்ஸுலருந்து கண்ண எடுக்கல. "அவன் கேட்டான். சரின்னேன்."

"நான் கேட்டிருந்தா?"

"நீ கேக்கல."

செண்பகவல்லிக்கு அப்பவும் பேச்சு நிக்கல, அது அவ ராசி.

"அவன மலைக்கு அனுப்புனீங்க. லென்ஸக் கழட்டிக் குடுத்தீங்க. அவன் மொக்க ஜோக்கு சொன்னா சிரிக்கறீங்க. என்ன மட்டும் புழு நறுக்க விட்டீங்க."

"நல்லா நறுக்கற."

"மேடம்."

"நெசமாத்தான். அளவா இருக்கு. அந்த ஒரு நாளத் தவிர."

அவ பேச்ச மாத்துனா.

"அது புது இனமே இல்ல மேடம். நம்ம கரியன்தான். தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கறதால பெரியாளாகாம அப்படியே செவுளோட நிக்குது. முட்ட கூட போடும், ஆனா கொழந்தையாவே இருக்கும். அவன் கொழந்தையப் புடிச்சுட்டு வந்து புதுசுங்கறான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"காட்டு."

"நாளைக்கு ஹால்ல காட்டறேன்."

"இன்னிக்குக் காட்டக்கூடாதா?"

"எல்லாரும் இருக்கணும் மேடம்."

மேடம் ஃபிளாஸ்க தொறந்து மூடியில சுக்குக்காப்பி ஊத்துனாங்க. குடிக்கல. மேசையில இருந்த தட்ட அவ பக்கமா நகத்துனாங்க.

"இதப் பாரு."

தட்டுல ஒரு நீர்ப்பல்லி. கெட்டுப் போகாம இருக்க சாராயத்துல கெடந்து வெறச்சுப் போனது. ஒடம்பு காஞ்சுடக்கூடாதுன்னு ஈரத்துணி போத்தியிருந்துச்சு, தல மட்டும் வெளிய. இந்தத் தொழில்ல ஒவ்வொண்ணுக்கும் கால்ல நூலு கட்டி ஒரு சீட்டு தொங்கும். எங்க புடிச்சது, யாரு புடிச்சது, என்ன பேருன்னு. சீட்டு இல்லாத பிராணி வெறும் ஊறுகாய்க்குச் சமானம். அந்தச் சீட்டும் துணிக்கு அடியில இருந்துச்சு.

"அவனோடதா?"

"பாத்துச் சொல்லு."

போன வாரம் பெர்னார்டுகிட்டருந்து பார்சல் வந்திருந்துச்சு. சரி, அதான். செண்பகவல்லி நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்தா. லென்ஸுல குனிஞ்சா.

"செவுளு இருக்கு. ஆனா குட்டையா இருக்கு. ஓரமெல்லாம் தேஞ்சிருக்கு." அவ கொரலு மாறுச்சு. கோவம் கொஞ்சம் நகந்து, அவளுக்குள்ள இருக்கற வேல தெரிஞ்சவ வந்து ஒக்காந்தா. "லைட்ட இந்தப் பக்கம் திருப்பறேன் மேடம். ... கண்ணு. கண்ணுக்கு மேல ஒரு மடிப்பு."

"மடிப்பா, சுருக்கமா? சாராயத்துல கெடந்தா சுருங்கும்."

"சுருக்கம் இல்ல. ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி இருக்கு. கீழயும் மெல்லிசா ஒண்ணு வருது." அவ நிமிந்தா. கண்ணு மின்னுச்சு. "இமை மேடம். இதுக்கு இமை முளைச்சுக்கிட்டிருந்திருக்கு. கரைக்கு ஏறப் போற நேரம் பாத்துப் புடிச்சிருக்கான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கரியனா நடந்து போயிருக்கும்."

"நிச்சயமா?"

"ஊசி வெச்சு மடிப்பத் தூக்கிக் காட்டட்டுமா? நிச்சயம்." இப்ப கோவம் திரும்பி வந்து, வேல தெரிஞ்சவ பக்கத்துல எடம் போட்டு ஒக்காந்துச்சு. "இதுக்குக் கண்ணு தொறந்து மூடத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. பேரு வெச்சவனுக்குத்தான் கண்ணே இல்ல. செவுளு இருக்கா, சரி, புது இனம், ஓடு, பேரு வெய்யி. அவ்வளவு அவசரம். யாராவது முந்திக்குவாங்களோன்னு பயம். இவனெல்லாம் கையில லென்ஸு வெச்சுக்கிட்டு என்ன மேடம் பண்ணான்? காது குடைஞ்சானா?"

மேடம் சுக்குக்காப்பிய ஒரு வாய் குடிச்சாங்க. அப்பறம் ஈரத்துணியோட ஒரு முனையப் புடிச்சு மெதுவா வெலக்குனாங்க.

பின்னங்கால்ல நூலு. நூலுல சீட்டு. சீட்டு பழுத்துப் போயி டீத்தண்ணி நிறத்துல இருந்துச்சு. கையெழுத்து மணிமணியா, கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சு. அந்தக் கையெழுத்த செண்பகவல்லி தெனமும் தன் ஆய்வேட்டு அத்தியாயங்களோட ஓரத்துல பாக்கறா.

நாக்டர்னா.

மேடம் எளவயசுல தானே பேரு குடுத்த பிராணி. அந்த இனம்னா இதுதான்னு உலகத்துக்கே சாட்சியா வெச்சிருக்கற ஒத்தப் பிராணி.

சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டறையில சில்லருக ரீங்காரம் போட்டுக்கிட்டிருந்துச்சுக. செண்பகவல்லிக்கு அது தன் காதுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. பேரு வெச்சவனுக்குக் கண்ணே இல்லன்னு சொன்ன வாயி இன்னும் முழுசா மூடல.

"இது பாடத்துல இருக்கு மேடம்"னா, கடைசியில. "நான் பரிச்சையில எழுதியிருக்கேன். படம் வரைஞ்சு, செவுளுக்கு அம்புக்குறி போட்டு."

"நல்ல மார்க்கா?"

"முழு மார்க்கு."

"ம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இமையா? பேரு வெச்சு கொஞ்ச வருஷத்துல. நல்ல லென்ஸு ஒண்ணு கெடச்சுச்சு. எடுத்துப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"மறுபடி பாட்டில்ல போட்டேன். பாட்டில்ல போட்டா அதுக்கு மேல வளராது."

செண்பகவல்லி எந்திரிச்சா. கோவம் இப்ப ஆளு மாறிருச்சு. இவ்வளவு நேரமும் ரயில்ல வர்றவன் மேல இருந்தது, எதுக்க ஒக்காந்திருக்கறவங்க மேல வந்து நின்னுச்சு. அதுலயும் ஒரு பொறாமை கலந்திருந்துச்சு. இந்த ரகசியத்தக்கூட யாருகிட்டயும் குடுக்காம இவங்களே வெச்சிருந்திருக்காங்களேன்னு.

"ஏன் மேடம் சொல்லல?"

மேடம் துணிய மடிச்சாங்க.

"நாலாம் தொட்டி சில்லர் ஓடல. கொஞ்ச நாளாவே சத்தம் கேக்கல"ன்னாங்க. "பெர்னார்டுகிட்ட ஏன் சொல்லல?"

"அது வேற மேடம்."

"ம்."

"வேற இல்லையா? நான் தப்பு ஒண்ணும் பண்ணல. அது தானா மாறுச்சு. நான் ஊசி போட்டேனா, மருந்து குடுத்தேனா? குளுரக் கொறச்சேன். தண்ணியக் கொறச்சேன். மாறுனது நெசம். யாரு செஞ்சாலும் மாறும். நீங்க செஞ்சாலும் மாறும்."

"மாறும்."

"அப்ப நான் ஏன் செஞ்சேங்கறதா முக்கியம்?"

மேடம் பிராணிய ரெண்டு கையிலயும் எடுத்தாங்க. பாட்டிலுக்குள்ள எறக்குனாங்க. சீட்டு சாராயத்துல ஒரு தடவ சுத்தி, நின்னுச்சு. கையெழுத்து கண்ணாடி வழியா பெருசாத் தெரிஞ்சுச்சு.

செண்பகவல்லி மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சா. நாளைக்கு அவ எந்திரிச்சு நாலாம் தொட்டியக் காட்டுனா பெர்னார்டு வெச்ச பேரு விழும். செவுளு ஒரு அடையாளமே இல்லன்னு ஆயிட்டா, அடுத்த கேள்விய யாராவது கேப்பாங்க. அப்ப நாக்டர்னா எப்படின்னு. யாரும் கேக்கலன்னாலும் இனி அவளால கேக்காம இருக்க முடியாது. இமையப் பாத்தாச்சு.

"உங்க பேருல அவன் வெச்சதும் போயிரும் மேடம். நீங்க வெச்ச பேரும் போயிரும். ஒரே மூச்சுல. அப்பறம் எதுலயுமே உங்க பேரு இருக்காது."

"கரியனுக்கு ஒண்ணும் போகாது"ன்னாங்க மேடம்.

அவளுக்கு அழுக வந்துச்சு. அழுதா கோவம் வீணாப் போயிரும்னு பல்லக் கடிச்சா.

"இவ்வளவு லேசாச் சொல்றீங்க. நான் இத்தன வருஷம் எதுக்கு இங்க கெடக்கேன்னு நெனச்சீங்க? பட்டத்துக்கா? நீங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவனக் கூப்புடற மாதிரி என்னக் கூப்புட்டு, இந்தா இதப் பாருன்னு எதையாவது குடுக்கமாட்டீங்களான்னு."

சொல்லிட்டு நின்னா. தட்டு காலியா மேசையில இருந்துச்சு. ஓரத்துல ஒரு சொட்டு சாராயம். இப்ப கொஞ்சம் முன்னாடிதான் அந்தத் தட்ட நகத்தி, அதே வார்த்தையச் சொன்னாங்கங்கறது அவளுக்கு அப்பறந்தான் ஒறச்சுச்சு.

அவ பாத்ததையும் மேடம் பாத்தாங்க. பாட்டிலுக்கு மூடி போட்டாங்க.

"அவன்கிட்ட இதக் காட்டுனீங்களா மேடம்?"

"இல்ல."

"வேற யாருகிட்டயும்?"

"இல்ல."

செண்பகவல்லி ரெண்டு மூச்சு விட்டா. வயித்துக்குள்ள அந்த இனிப்பு திரும்ப எட்டிப் பாத்துச்சு. பெர்னார்டுகிட்ட லென்ஸுதான் இருக்கு. இவ கையில இமை இருக்கு. நெனச்ச மாத்திரத்துல அவளுக்கே கூச்சமாப் போச்சு. கூச்சம் வந்தா அவ கொரலு ஒசரும்.

"நாளைக்கு நான் எந்திரிப்பேன். ஆனா அவனக் கேக்கப் போறதில்ல, உங்களத்தான் கேப்பேன். நாக்டர்னா இருக்கா இல்லையான்னு. தெரிஞ்சும் ஏன் பாட்டில்ல போட்டு மூடுனீங்கன்னு. ரூம்ல இல்ல மேடம். ஹால்ல, மைக்குல. நாலு காலேஜு ஆளுக முன்னாடி நீங்க பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

அவ இத எதிர்பாக்கல. மறுப்பாங்க, அப்ப இன்னும் நாலு வார்த்த பேசலாம்னு இருந்தா.

மேடம் பாட்டில ஈரத்துணியால தொடச்சாங்க. தொடச்சு, அலமாரியில வெக்காம, அவ கையில குடுத்தாங்க. கனமா இருந்துச்சு. சில்லுனு இருந்துச்சு.

"நாளைக்கு ஹாலுக்கு இத நீ எடுத்துக்கிட்டு வா"ன்னாங்க. "நாலாம் தொட்டியையும் எடுத்துக்கிட்டு வா. அவன் பேசறதுக்கு முன்னாடி மைக்கு மொதல்ல ஒனக்குத்தான், அடுத்து எனக்கு. பெர்னார்டு முன் வரிசையில ஒக்காந்திருப்பான். சில்லர ஏன் அணச்சேன்னு அவனப் பாத்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. அது என்னவா மாறுச்சுங்கறத அதுக்கப்பறம் சொல்லு."